என் காதுக்கு நன்றாக இருந்த கேபிள்

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு சின்ன இயர்போனைக் கொடுப்பார்கள். காது போய், ஆபரேஷன் செய்து தலைக்குள் காக்ளியர் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவரின் பெட்டியில் அதைச் செருகினால், அவருடைய மைக் வேலை செய்கிறதா என்று உங்கள் காதால் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மட்டும்தான் அது. அதில் உங்களுக்குக் கேட்பதுதான் அவருக்கும் கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

நான் படித்து வந்தவன் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி, கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன், தூத்துக்குடியில் ஐஸ் உடைத்தேன், கொல்லத்தில் முந்திரி மூட்டை ஏற்றினேன். பொன்முடி எஸ்டேட்டில் ஒரு மழைக்காலம் ஜெனரேட்டர் பார்த்தேன்; அட்டை கடித்த கால் புண்ணாகி, பஸ் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி மலை நடந்தே இறங்கினேன். எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. யாரோடும் சண்டை இல்லை. ஒரு நாள் காலையில் கண் விழித்தால் இந்த ஊர் போதும் என்று இருக்கும், அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது கைவசம் இருந்த தொழில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர். சாலை பஜாரில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே இருந்த கடையில் சேர்ந்தேன். அந்தக் கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன கோளாறோடு செட் வந்தாலும் சரி, திருப்பிக் கொடுக்கும் முன் உள்ளே ஒரு சின்ன மாற்றம் செய்து பாஸை, அதாவது கனமான அடிச் சத்தத்தை, கொஞ்சம் ஏற்றிவிடுவோம். வாடிக்கையாளர் வந்ததும் நாதஸ்வரக் கேசட்டைப் போடுவோம். தவில் அவர் நெஞ்சில் இடிக்கும். 'முன்னைவிட நல்லா இருக்கே' என்பார். 'சத்தத்துல சதை வேணும்' என்பது எங்கள் கடைப் பேச்சு. ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரே இடத்தில் நான் அதிகம் இருந்தது அதுவரை அங்கேதான்.

அந்தக் கடைக்கு ஒரு டேப் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் எங்கள் மேடம். காது கேட்பதைச் சோதித்துப் பழக்கும் ஆடியாலஜிஸ்ட். மலையாளி, தமிழும் பேசுவார். இம்பிளான்ட் வைத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் டெக் அது. நான் சரி செய்து கொடுத்ததும் கேட்டுப் பார்த்துவிட்டு, "பாஸ் கூட்டியிட்டுண்டோ?" என்றார்.

"ஆமா மேடம். நல்லா இருக்கும்லா?"

"யாருக்கு?" என்றார். பழையபடி வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். மறுமாதம் தன் இடத்துக்கு வேலைக்கு வரச் சொன்னார். இரண்டு மாதம் பார்ப்போம் என்று போனேன். ஓய்வு பெற்றதும் அங்கிருந்துதான்.

அன்றைக்கு அவர் கேட்ட 'யாருக்கு' என்பதன் பொருள் எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

அந்தக் காலத்துப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது எல்லாம் காதின் பின்னால் அடங்கிவிடுகிறது. அப்போது சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக, இடுப்பில் மாட்டுவது. காதின் பின்னால் மைக். அங்கிருந்து வயர் இறங்கிப் பெட்டிக்கு வரும். பெட்டி அந்தச் சத்தத்தைத் துடிப்புகளாக மாற்றி, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் ஒரு வட்டத்தின் வழியாக உள்ளே அனுப்பும். நரம்புக்குப் போவது அந்தத் துடிப்புகள்தான். நாம் கேட்பது போன்ற சத்தம் அங்கே கிடையாது. வயர் அறுந்தால் ஒட்டுவது, வியர்வையில் பச்சை பிடித்தால் துடைப்பது, இதெல்லாம் என் வேலை.

பெட்டியின் ஓரத்தில் ஒரு துளை இருக்கும். டேப்ரெக்கார்டரிலிருந்து ஒரு கேபிளை அதில் செருகினால் டேப்பின் சத்தம் மைக்குக்குப் போகாமல் நேரே பெட்டிக்குள் போகும். சுற்றுச் சத்தம் கலக்காது. ஆனால் கேபிள் செருகியிருக்கும்வரை மைக் செத்துவிடும். பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் தெரியாது. எங்கள் பெட்டிகள் அப்படி.

விசாலம் மாமி வந்தது இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி. இதே ஊர் ஸ்ரீவராகத்துக்காரர். ஒரு அரசு ஆபீசில் ஸ்டெனோ. அதிகாரிகள் டேப்பில் சொல்லி வைப்பதைக் கேட்டு டைப் செய்வது அவர் வேலை. மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போய், இரண்டு வருஷம் ஆபீசில் தபால் பிரிவில் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். இம்பிளான்ட் வைத்த பின் எதிரில் உட்கார்ந்து பேசினால் பிடித்துக்கொள்வார். டேப்பில் முகம் கிடையாதே. அதுதான் முடியவில்லை.

ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளில் டேப் கேட்டு டைப் செய்து காட்ட வேண்டும். முடிந்தால் பழைய இடம். இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், மாமி நிரந்தரமாகத் தபால் பிரிவில். அந்த நாளுக்கு ஆறு வாரம் இருந்தது.

கடிதத்தை மேடத்திடம் காட்டிவிட்டு மாமி சொன்னார்: "பதினெட்டு வருஷம் டைப் அடிச்ச கை. அதால பசை தடவிண்டு ரிட்டயர் ஆக மாட்டேன்."

கூட வந்த அவர் கணவர், பாங்க்கில் வேலை, மெலிந்த மனிதர், என்னிடம் மெல்லச் சொன்னார்: "அவளுக்குக் கேக்காதிருந்த ரெண்டு வருஷம் நான் எஜமானனா இருந்தேன், கேட்டேளா. அதுக்கும் வெச்சுட்டேள் வேட்டு."

மாமி திரும்பாமலே, "அது கேட்டுது" என்றார்.

மேடம் சொன்னார், கேபிளில் பழக்கலாம் என்று. ஒரு எச்சரிக்கையும் சொன்னார். சுவரில் செருகிய எந்தக் கருவியோடும் நம் கேபிளை இணைக்கக் கூடாது, பேட்டரியில் ஓடும் செட் மட்டும்தான். மறுமுனை ஒரு மனிதரின் தலை. சுவர்க் கரன்டுக்கு நடுவில் தடுப்பு வைத்த தனிக் கேபிளைக் கம்பெனிதான் அனுப்ப வேண்டும். எழுதிப் போட்டாயிற்று, வந்தபாடில்லை.

சாதாரணக் கேபிளை நான் செய்தேன். இன்றைக்கு நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், பெட்டியோடே வருகிறது. அன்று நான் வெறும் கேபிளோடு நிற்கவில்லை. நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு டப்பா வைத்து, டேப்பின் சத்தத்தைச் சீர் செய்யும் ஒரு மின்சுற்றை அமைத்தேன். என் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு மூன்று நாள் திருத்தினேன். கடைசியில் அந்த டிக்டேஷன் குரல் கோயில் மணி மாதிரி கனமாக இருந்தது. சதை இருந்தது.

மாமி மாட்டிக் கேட்டார். நான் எதிரில் நின்றேன்.

"எப்படி இருக்கு மாமி?"

"நன்னா இருக்கு" என்றார்.

மேடம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த சமயம். நான்தான் தினமும் டேப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் பத்து வரிக்கு ஆறு சரியாக வந்தது. இரண்டாம் வாரம் ஐந்து. மூன்றாம் வாரமும் ஐந்து. பழகப் பழக வரும் என்றேன். குரலில் கொஞ்சம் கனம் போதவில்லையோ என்று நினைத்து டப்பாவைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நான்காகிவிட்டது.

மேடம் திரும்பி வந்தார். தாள்களைப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாமியின் எதிரில் உட்கார்ந்து, "சத்தம் எங்ஙனெ இருக்கு? உள்ளது உள்ளபடி சொல்லணும்" என்றார்.

மாமி என்னைப் பார்த்தார். "ஜமுக்காளத்துக்குள்ள தலையை விட்டுண்டு பேசற மாதிரி இருக்கு. டம் டம்னு. வார்த்தை எங்கே முடியறதுன்னே தெரியலை."

"மாமி, நல்லா இருக்குன்னுல்லா சொன்னிய?" என்றேன்.

"மூணு நாள் குனிஞ்சுண்டே பண்ணினேளே. எப்படிச் சொல்றது?"

மேடம் டப்பாவை என்னிடம் தள்ளினார். "இதைக் கழற்று. தங்கராஜே, உன்டெ காது நல்ல காது. இங்கே அதுக்கு ஜோலி இல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியே போய் டீ குடித்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் நடந்தேன். பழைய நாளாக இருந்தால் அப்படியே ஒரு பஸ்ஸில் ஏறியிருப்பேன். ஆறு வாரத்தில் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டோமே என்று உறைத்ததால் திரும்பி வந்தேன்.

அன்று மாலை வெறும் கேபிள் செய்து, டேப்பின் குமிழ்களை மாமியின் கையிலேயே விட்டேன். நான் தூக்கி எறியப் பார்த்த பழைய கேபிளை டப்பாவோடு மாமி வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் பாஸை அடியோடு இறக்கினார். ஒலியையும் பாதியாக்கினார். என் ஹெட்போனில் அது ஈயப் பாத்திரத்தில் மணல் கொட்டுவது போல இருந்தது. கடையில் அப்படி ஒரு செட்டைக் கொடுத்தால் முகத்தில் எறிவார்கள். மாமி டைப் செய்தார். பத்துக்கு எட்டு. அந்த வாரக் கடைசியில் ஒன்பது.

பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பாதிதான் படித்திருந்தேன்.

தேர்வு நாளன்று மேடம் ஆபரேஷன் தியேட்டரில். ஒரு குழந்தைக்கு இம்பிளான்ட் வைக்கிறார்கள், உள்ளே சோதிக்க அவர் இருந்தாக வேண்டும். என்னை அனுப்பினார். துலாமாதம், நம் ஐப்பசி மழைக்காலம். மதியம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்து இடிக்கத் தொடங்கிவிடும். தேர்வு மூன்றரைக்கு.

ஆபீஸ் சூப்பிரண்ட் ஒரு வயதான மலையாளி. கெட்ட மனிதர் இல்லை. மாமிக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மேசையில் பெரிய டிக்டேஷன் மெஷின் ஒன்று இருந்தது. காலால் மிதித்து நிறுத்தி ஓட்டும் பெடல். பக்கத்தில் பஞ்சு வைத்த ஹெட்போன். பின்னாலிருந்து ஒரு வயர் போய்ச் சுவரில் செருகியிருந்தது.

நான் என் பையிலிருந்து பேட்டரி டேப்ரெக்கார்டரை எடுத்து வைத்தேன். "ஸார், கேசட்டை இதில போடலாம்."

"அது பற்றில்ல, முடியாது. ஆபீஸ் மெஷின்ல வேணும். எல்லார்க்கும் அதுதான்."

"ஸார், கரன்டுல ஓடுற மெஷினோட இந்தக் கேபிளைச் சேர்க்கப்படாது. அவங்க தலைக்குள்ள கம்பி இருக்கு."

"நீங்க பறையுறது எனக்கு மனசிலாயி. பக்ஷே நாளைக்கு ஒருத்தன் பரிசோதனை சரியில்லைன்னு எழுதிக் குடுத்தா நான் எந்து செய்யும்? சொல்லுங்க." கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். "இன்னைக்கு ரிப்போர்ட் போகணும். இல்லைன்னா அப்ஸென்ட்."

தள்ளி வைக்கச் சொல்லிப் பார்த்தேன். முடியாது என்றார். மேடத்துக்குப் போன் செய்தேன். தியேட்டரிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கேபிள் என் கையில் இருந்தது. மெஷினில் அதற்குச் சரியான துளையும் இருந்தது. செருகினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். சாலைக் கடையில் இடி மழையன்று டேப் டெக்கின் தகட்டைத் தொட்ட என் கூட்டாளி இரண்டடி தள்ளிப் போய் விழுந்ததும் தெரியும். அவன் விரலால் தொட்டான். எழுந்து உட்கார்ந்து கெட்ட வார்த்தை சொன்னான். இங்கே தொடப்போவது விரல் இல்லை.

நாங்கள் பேசியதை மாமி பாதிதான் பிடித்திருந்தார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'கேபிள் போட முடியாது. சுவர் கரன்ட்.'

படித்தார். முகம் சிவந்துவிட்டது. "தங்கராஜ், இன்னிக்கு விட்டா என் இடம் போயிடும். என் தலை. நான் சொல்றேன், போடுங்கோ."

"மாட்டேன் மாமி."

"எழுதிக் குடுக்கறேன்."

"எழுதிக் குடுத்தாலும் மாட்டேன். ஏசணும்னா ஏசிக்கிடுங்க." கேபிளைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாமி என்னை முறைத்தார்; என் வாழ்க்கையில் அதிகம் பேர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு மாமி அந்தப் பஞ்சு ஹெட்போனை எடுத்தார். நாம் போடுவது போலக் காதில் போடவில்லை. வலது பக்கத்தை ஒரு விரற்கடை பின்னால் தள்ளி, காதின் பின்னால் இருந்த மைக்கின் மேல் பஞ்சு படும்படி வைத்தார். தலையை அசைத்துப் பார்த்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அது நழுவாமல் முடியோடு சேர்த்துக் குத்திக்கொண்டார். ஒரு தடவை செய்து பார்க்கிற கை அல்ல அது. தினமும் செய்கிற கை.

"இது ஆகுமோ?" என்று என்னைக் கேட்டார்.

பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் தொட்டுக்கொண்டிருந்தன. கரன்ட் போக வழியே இல்லை. "ஆகும்" என்றேன். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. மைக் திறந்திருக்கிறது. அறையில் இருக்கிற எல்லாச் சத்தமும் டேப்போடு சேர்ந்து உள்ளே போகும். வெளியே மழை பிடித்துவிட்டது.

"ஃபேனை நிறுத்தணும்" என்றார் மாமி. "ஜன்னலைச் சாத்தணும்."

சூப்பிரண்ட் பியூனைக் கூப்பிடவில்லை. தானே எழுந்து நான்கு ஜன்னலையும் சாத்தினார். கடைசிக் கொக்கி மாட்டவில்லை. அதைக் கையால் பிடித்துக்கொண்டு, மாமிக்கு முதுகைக் காட்டி அங்கேயே நின்றார்.

மாமி பெடலை மிதித்தார். முதல் வரியை இரண்டு முறை ஓட்டினார். பிறகு டைப்ரைட்டர் ஓடத் தொடங்கியது. எனக்கு டேப் கேட்கவில்லை, டைப் சத்தம் மட்டும்தான். அது நின்று நின்று போனது. இடி இடிக்கும்போதெல்லாம் பெடலை விடுவார், கொஞ்சம் பின்னால் ஓட்டுவார், மறுபடி தொடங்குவார். வியர்வை அவர் கழுத்தில் இறங்கி வயரின் மேல் வழிந்தது. அதை நாளைக்குத் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன நினைப்பது?

பாதிக்கு மேல் வந்திருப்பார். ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையானது, கூடவே இடி. மெஷினின் சிவப்பு விளக்கு ஒரு தடவை பெரிதாக எரிந்து அணைந்தது. கரன்ட் போய்விட்டது. என் கை சட்டைப்பைக்குப் போனது. கேபிள் அங்கேதான் இருந்தது.

இருட்டில் சூப்பிரண்ட் ஜன்னலைப் பார்த்தபடியே, யாரிடமும் இல்லாமல் முனகினார்: "ஈ கரன்ட் இனி எப்போ வருமோ."

"வரட்டும் ஸார். நான் ரெடியாத்தான் இருக்கேன்" என்றார் மாமி.

சூப்பிரண்ட் கொக்கியை விட்டுவிட்டுத் திரும்பினார். மழை ஜன்னல் வழியாக அவர் சட்டையில் அடித்தது. அவர் முகத்தை மாமி பார்க்கவில்லை; டைப்ரைட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைப் படிக்க அங்கே வெளிச்சமும் இல்லை.

"கேட்டோ?" என்றார் சூப்பிரண்ட், என்னிடம். "இது அவருக்குக் கேட்டல்லோ!"

"என்கிட்டே கேளுங்கோ ஸார். அதுவும் கேக்கறது" என்றார் மாமி.

சூப்பிரண்ட் சிரித்துவிட்டார். ஆனால் தேர்வை அத்தோடு முடிக்கவில்லை. விதி விதிதான் என்று கால்மணி நேரம் காத்திருந்து, கரன்ட் வந்த பிறகு மீதியையும் அடிக்க வைத்தார். அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்பது பிழை. பன்னிரண்டு வரை விடலாம் என்று விதி இருந்தது. "காது உள்ளவங்க இதில் கூடுதல் விடுறாங்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "அந்த ஹெட்போன் வித்தை எங்க படிச்சிய மாமி?"

"ஆத்துல. உங்க கேபிளை அங்கே போட்டுக்கறதில்லை."

"ஏன், அது செரியா இருக்குன்னுதானே சொன்னிய? குமிழைக்கூட நீங்களேதானே திருப்பினிய?"

"சத்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா அதைச் சொருகினா டேப் மட்டும்தான் கேக்கறது. குக்கர் இல்லை, வாசல் மணி இல்லை, இவர் முணுமுணுக்கறது இல்லை. எல்லாம் செத்துப்போறது. ரெண்டு வருஷம் அப்படி இருந்தாச்சு, போறும். கொஞ்சம் இரைச்சலா இருந்தாலும் எல்லாத்தோடயும் சேர்ந்து கேக்கட்டும்னு இப்படி வெச்சுப் பழகிண்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சத்தம் எப்படி இருக்குன்னுதான் கேட்டேள். கேபிள் வேணுமான்னு நீங்க கேக்கலையே."

சட்டைப்பையிலிருந்த கேபிளை எடுத்து என் பைக்குள் போட்டேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இரண்டு. சுவர்க் கரன்டு விஷயத்தில் நான் 'மாட்டேன்' என்றது சரி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்; எதிரில் இருப்பவர் அழுதாலும், எழுதிக் கொடுத்தாலும். ஆனால் 'மாட்டேன்' என்றபோது என்னிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை என்பது என் தவறு. வழி அந்த ஆறு வாரமும் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அவருக்கு எது கேட்கிறது என்று கேட்டேன், அதுவும் மேடம் சொன்ன பிறகு. எதைக் கேட்க விரும்புகிறார் என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மாமி வந்தார். பழைய இடத்துக்குப் போட்ட ஆர்டரின் நகலை மேடத்திடம் காட்டினார். பிறகு என் மேசைக்கு வந்து, பழைய தினசரியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன். நான் முதலில் செய்த கேபிள், தீப்பெட்டி அளவு டப்பாவோடு.

"இது எதுக்கு மாமி? நீங்களே வச்சிருக்கலாமே."

"நீங்க வெச்சுக்கோங்கோ. உங்க காதுக்கு நன்னா இருக்கும்."

அன்று சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், என் டேப்பில் நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.